14 லட்சத்தில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 28. வீடு கடலூர் செம்மண்டலத்தில். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை, தினமும் போய் வருகிறேன். சின்ன வயதிலிருந்தே ஸ்போர்ட்ஸ் கார் என்றால் உயிர். கையில் 9 லட்சம் இருக்கிறது, 5 லட்சம் கடன் வாங்கினால் 14 ஆகும். புதுச்சேரியில் ஒரு புரோக்கர் 2012 மாடல் ஆடி டிடி காட்டினார். 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல், பிஒய் 01 பதிவு, மூன்றாவது ஓனர், 52,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பதிமூன்றரை லட்சம் கேட்கிறார். புது வண்டி போல மின்னுகிறது. 'ஸ்டேஜ் ஒன்' டியூனிங்கும் செய்திருக்கிறதாம். புதுச்சேரி முகவரி ஒன்று ஏற்பாடு செய்தால் அதிலேயே பெயர் மாற்றிவிடலாம், தமிழ்நாட்டு வரி கட்ட வேண்டாம் என்கிறார். அப்பா, இது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை என்கிறார். வாங்கலாமா? வாங்கினால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்:

தம்பி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியை இந்த விலைக்கு இந்த வழியில் வாங்க வேண்டாம். ஸ்போர்ட்ஸ் காரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 28 வயதில், சொந்தமாகச் சேர்த்த பணத்தில், நன்றாக ஓடுகிற ஒரு வண்டியை ஆசைப்பட்டு வாங்குவதில் தப்பே இல்லை. வாங்க நினைப்பவர்களுக்காகப் பழைய வண்டிகளைச் சோதித்துச் சொல்வதுதான் என் தொழில். இந்த ஆசையோடு வருகிறவர்களைப் பார்க்கிறபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆசை இரண்டாவது வருடமும் மிச்சம் இருக்க வேண்டும் என்றால் கணக்கைச் சரியான இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நீங்கள் பார்த்த வண்டி புதிதாக வந்தபோது ஐம்பது லட்சத்தை ஒட்டிய விலை. இன்று பதிமூன்றரைக்கு வந்திருக்கிறது. இறங்கியது வண்டியின் விலை மட்டும்தான். அதன் உதிரிபாகங்களின் விலை இறங்கவில்லை. பிரேக் டிஸ்க், சஸ்பென்ஷன் ஆர்ம், ஹெட்லைட், கியர்பாக்ஸ் என்று எதை மாற்றினாலும் ஐம்பது லட்ச ரூபாய் வண்டிக்கான பில்தான் வரும். வேலை தெரிந்தவரின் கூலியும் அதற்கேற்ற கூலிதான். அப்பா சொன்ன யானைக் கணக்கு இதுதான். அவர் காரைப் பற்றித் தெரிந்து சொன்னாரோ இல்லையோ, சொன்னது சரி.

அதனால் 14 லட்சம் இருந்தால் 14 லட்ச ரூபாய் வண்டியைப் பார்க்கக் கூடாது. இந்த வகை வண்டிக்கு என் கணக்கு எப்போதும் ஒன்றுதான்: மொத்தப் பணத்தில் நாலில் ஒரு பங்கை முதல் வருட ரிப்பேருக்கு என்று தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். அப்புறம் பெயர் மாற்றம், வரி, இன்சூரன்ஸ். மீதி எவ்வளவோ அதுதான் வண்டிக்கான பட்ஜெட். உங்கள் விஷயத்தில் அது மிஞ்சினால் பத்து லட்சம். பதிமூன்றரை கொடுத்துவிட்டால் கையில் ஐம்பதாயிரம் நிற்கும். அது நாலு டயருக்கே போதாது.

கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய கார் கடன் தருகிறவர்கள் வண்டியின் வயதைப் பார்ப்பார்கள். 13 வருட வண்டிக்குப் பெரும்பாலும் கார் கடன் கிடைக்காது, தனிநபர் கடன்தான் வாங்க வேண்டியிருக்கும். அதற்கு வட்டி அதிகம். அந்த 5 லட்சத்தின் உண்மையான விலையை வங்கியில் கேட்டு, மாதத் தவணையை எழுதி வைத்துப் பாருங்கள்.

இப்போது முகவரி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் அதிகக் கவலை தருகிறது. புரோக்கர் சொல்கிற "ஒரு புதுச்சேரி முகவரி" என்பது பொய் முகவரி. நீங்கள் வேலை பார்ப்பது புதுச்சேரியில் என்றாலும் குடியிருப்பது கடலூரில். வண்டி நிற்கப்போவது செம்மண்டலத்தில். புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் வெளி மாநிலத்துக்காரர்கள் பொய் முகவரி கொடுத்து விலை உயர்ந்த கார்களை இங்கே பதிந்த விவகாரம் 2017-இல் கேரளத்தில் பெரிதாக வெடித்தது. பிரபலமானவர்கள் மீதே போலீஸ் வழக்குப் போட்டது. அதற்கப்புறம் தமிழ்நாட்டுச் சாலையில் பிஒய் எண்ணோடு போகிற ஆடம்பரக் கார் என்றால் நிறுத்திப் பார்க்கிற கண் தனி. நீங்களோ தினமும் கன்னியக்கோயில் எல்லையைத் தாண்டுகிற ஆள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு அது. அதற்குப் புதுச்சேரி போக்குவரத்து அலுவலகத்திலிருந்து படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்கி, கடலூரில் படிவம் 27 கொடுத்து, தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்டி, டிஎன் 31 எண் வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆயுள் வரியை 2023-இல் உயர்த்தினார்கள். 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதுக்கு ஏற்பக் குறையும். ஆனால் அந்தக் கணக்கின் அடிப்படை வண்டியின் முதல் விலை, நீங்கள் கொடுக்கிற விலை அல்ல. பதிமூன்றரைக்கு வாங்கிவிட்டு ஐம்பது லட்சத்தை வைத்து வரி கட்டுகிற நிலை வரும். ஆர்.சி. நகலை எடுத்துக்கொண்டு கடலூர் அலுவலகத்துக்கே நேரில் போய், இந்த வண்டியைக் கொண்டுவந்தால் வரி எவ்வளவு என்று கேளுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். புதுச்சேரியில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திருப்பிக் கேட்க வழி இருக்கிறது. ஆனால் பணம் கைக்கு வரும்வரை அதை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இன்னொன்றையும் புரோக்கர் சொல்லியிருக்க மாட்டார். தனியார் காரின் பதிவு 15 வருடத்துக்குத்தான். 2012 வண்டிக்கு 2027-இல் முடிந்துவிடும். புதுப்பிக்கிற கட்டணம் 2022 ஏப்ரலில் உயர்ந்தது. சாதாரணக் காருக்கு 5,000 ரூபாய், இறக்குமதி செய்த காருக்கு 40,000 ரூபாய் என்று ஆனது. டிடி வெளிநாட்டில் முழுதாகக் கட்டப்பட்டு இறங்கிய வண்டி. ஆர்.சி.யில் இறக்குமதி என்று இருக்கிறதா பாருங்கள். வாங்கிய இரண்டே வருடத்தில் இந்தச் செலவும், தகுதிச் சோதனையும் வந்து நிற்கும்.

சரி, வண்டிக்குள் போவோம்.

அந்தக் காலத்து 2.0 டிஎஃப்எஸ்ஐ (ஆடியின் டர்போ பெட்ரோல்) என்ஜின், 211 குதிரைசக்தி கொடுப்பது, ஓட்டுவதற்கு அருமையான என்ஜின். நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட ஆறு வினாடிகூட ஆகாது. அதில் எனக்குக் கருத்து வேறுபாடே இல்லை. ஆனால் அதே என்ஜினுக்குப் பேர்போன பலவீனம் ஒன்று உண்டு: டைமிங் செயின் டென்ஷனர். வால்வும் பிஸ்டனும் மோதாமல் ஒத்து அசைய வைக்கிற சங்கிலிதான் டைமிங் செயின். அதை இறுக்கமாக வைத்திருக்கிற இந்தப் பாகம் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. என்ஜின் நின்றிருக்கும்போது ஆயில் அழுத்தம் இருக்காது, அப்போது ஒரு சின்னப் பல் கொக்கிதான் அதைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். பழைய வடிவ டென்ஷனரில் அந்தக் கொக்கி தேய்ந்தோ உடைந்தோ விடும். செயின் தளரும். மறுநாள் காலையில் சாவியைத் திருப்பியதும் செயின் பல் தாண்டிக் குதித்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதோடு என்ஜின் முடிந்தது. நேற்று வரை எந்தக் குறையும் காட்டாமல் ஓடிய வண்டியிலும் இது நடக்கும். திருத்திய வடிவம் ஏறக்குறைய நீங்கள் பார்க்கிற வண்டி செய்யப்பட்ட காலத்தில்தான் வர ஆரம்பித்தது. அதனால் மாடல் வருடத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. உள்ளே பார்க்கத்தான் வேண்டும்.

பார்ப்பதற்கு வழி இருக்கிறது. டைமிங் கவரின் அடிப்பகுதியில் ஒரு சின்ன அடைப்பு இருக்கும். அதைக் கழற்றிச் சின்னக் கேமராவை விட்டால் உள்ளே இருப்பது பழைய டென்ஷனரா புதியதா, அது எவ்வளவு தூரம் வெளியே வந்திருக்கிறது என்று தெரியும். வெளியே வந்த பற்கள் அதிகமானால் செயின் நீண்டுவிட்டது என்று பொருள். ஸ்கேன் கருவியில், வால்வுகளைத் திறக்கிற கேம்ஷாஃப்டின் நிலை எத்தனை டிகிரி விலகியிருக்கிறது என்றும் படிக்கலாம். இரண்டையும் செய்யத் தெரிந்தவரிடம் போங்கள். "பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு" என்று காதை வைத்துக் கேட்டுச் சொல்கிறவர் இதற்குப் போதாது.

காதுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வண்டியைப் பார்க்கப் போகும்போது முன்கூட்டியே "ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க, நான் வந்துதான் பண்ணணும்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாக பானெட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். காலையில் குளிர்ந்த என்ஜினை எழுப்பும்போது முதல் ஒன்றிரண்டு வினாடி சங்கிலி உரசுகிற கரகர சத்தம் வருகிறதா என்று கேட்பது அவ்வளவு முக்கியம். சூடேற்றி வைத்த என்ஜினில் அது கேட்காது. விற்கிறவர் ஏற்கெனவே சூடேற்றி வைத்திருந்தார் என்றால் அதையே ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

இந்த என்ஜினுக்கு இரண்டாவது நோய் ஆயில் குடிப்பது. ஆயிலை வழித்தெடுக்கிற பிஸ்டன் வளையங்களின் துளைகள் சின்னவை, கரி அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஆயில் எரிய ஆரம்பிக்கும். டெயில் பைப்பின் உள்பக்கம் விரலை விட்டால் எண்ணெய்ப் பிசுக்கோடு கரி வருகிறதா பாருங்கள். ஓட்டும்போது காலை எடுத்து மறுபடி அழுத்துகிற நேரத்தில் பின்னால் நீலப் புகை வருகிறதா என்று கூட வருகிற நண்பரை இன்னொரு வண்டியிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். வாட்டர் பம்ப் கசிந்தால் அந்தப் பக்கம் இளஞ்சிவப்புத் தடம் காய்ந்து கிடக்கும். கூலன்டின் நிறம் அது.

கியர்பாக்ஸ் ஆறு கியர் இரட்டை கிளட்ச். கிளட்ச் ஆயிலில் மூழ்கியிருக்கிற வகை. ஆடி சேர்ந்திருக்கிற ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஏழு கியர் உலர் கிளட்ச் வகையைவிட இது உறுதியானது. ஆனால் 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை அதன் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். வண்டி நாலு சக்கர இயக்கம் என்றால் பின் சக்கரங்களுக்கு விசை கொடுக்கிற கப்ளிங்கின் ஆயிலுக்கும் தனிக் கணக்கு உண்டு. 52,000 தானே ஆகியிருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. 13 வருடமாக ஒரே ஆயில் உள்ளே கிடந்தால் கிலோமீட்டரைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. ஓட்டிப் பார்க்கச் சிறந்த இடம் காலி ரோடு அல்ல. மாலை நேரத்தில் மரப்பாலத்திலிருந்து முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் வழியாக ஊர்ந்து போங்கள். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது நடுக்கம், இடி, தயக்கம் எதுவும் இருக்கக் கூடாது. அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டு தாண்டி ஒரு சுற்று போய், நன்றாகச் சூடான பிறகு மறுபடி நெரிசலுக்குள் கொண்டுவாருங்கள். சூட்டில்தான் உண்மை வெளியே வரும்.

52,000 என்ற எண் உண்மையா? 13 வருடத்துக்கு அது வருடம் 4,000 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற வண்டிக்கு நடக்கக்கூடியதுதான். ஆனால் மீட்டரைத் திருப்புவது நம் சந்தையில் சர்வசாதாரணம். இந்தக் குழுமத்தின் வண்டிகளில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டுமின்றி வேறு சில கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் பதிவாகியிருக்கும். முழு ஸ்கேன் போட்டால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடலாம். சேஸிஸ் எண்ணை வைத்து நிறுவனத்தின் சர்வீஸ் பதிவையும் ஓனர் மூலமாகக் கேட்டு வாங்குங்கள். ஃபைலே இல்லாத வண்டி என்றால், அது எவ்வளவு மின்னினாலும் என் கணக்கில் பாதி விலைதான். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 2419 என்றால் 2019-ஆம் ஆண்டின் 24-வது வாரம். குறைவாக ஓடிய வண்டியில் டயர் தேயாமலே கல்லாகிப் போயிருக்கும். 200 குதிரைசக்தி வண்டியை அந்த டயரோடு மழையில் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

"ஸ்டேஜ் ஒன்" என்றதும் உங்களுக்குக் குஷி வந்திருக்கும். எனக்கு இது விலையைக் குறைத்துக் கேட்க வேண்டிய காரணம். மென்பொருளை மாற்றி டர்போவின் அழுத்தத்தை ஏற்றியிருக்கிறார்கள். அதை யார் செய்தார், எந்தப் பெட்ரோல் ஊற்றினார், எப்படி ஓட்டினார் என்று யாருக்கும் தெரியாது. ஏற்கெனவே பலவீனமான செயினும், அதோடு கிளட்சும் அத்தனை நாளும் கூடுதல் சுமையைத் தாங்கியிருக்கின்றன. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் வண்டியை ஸ்கேன் செய்தபோது கண்டுபிடித்திருந்தால் மென்பொருளை மாற்றிய வண்டி என்பதற்கான 'TD1' என்ற குறி அந்தச் சேஸிஸ் எண்ணின் மேல் அவர்கள் கணினியில் விழுந்திருக்கும். வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பிடித்துக்கொள்கிற இடமும் இதுதான்.

நம் ஊருக்கே உரிய ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தெருவில் நின்ற கார்கள் இருக்கை வரை மூழ்கின. அடுத்த ஓரிரு நாளில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூரின் பல பகுதிகளையும் விழுப்புரத்தையும் மூழ்கடித்தது. அதற்கு முந்தைய டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியது. அந்த வண்டிகளெல்லாம் எங்கே போயின? கழுவி, காயவைத்து, உள் அலங்காரத்தை மாற்றிச் சந்தைக்கே வந்திருக்கின்றன. தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார் என்றால் முழங்கால் அளவு தண்ணீரே உள்ளே போகப் போதும். "புது வண்டி போல மின்னுகிறது" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

அப்படி ஒரு வண்டியைச் சோதனைக்குக் கொண்டுவந்தார்கள். வெளியே கண்ணாடி போல இருந்தது. உள்ளே எலுமிச்சை வாசனை ஸ்பிரே தூக்கலாக அடித்தது. சீட் பெல்ட்டை முடிகிற வரை வெளியே இழுத்தேன். கடைசி ஒரு சாண் நீளத்துக்குப் பழுப்பு நிறத்தில் சேற்றுக் கோடு. அதை வாங்க வந்தவர் ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்திருந்தார், அதைத் திரும்ப வாங்கப் படாத பாடு பட்டார். நீங்களும் பெல்ட்டை அதுபோல இழுத்துப் பாருங்கள். சீட்டை முன்னும் பின்னும் தள்ளி அடியில் இருக்கிற ரெயிலிலும் போல்ட்டிலும் துரு இருக்கிறதா, ஸ்டெப்னி வைக்கிற குழியில் வண்டல் ஒட்டியிருக்கிறதா, கார்பெட்டைத் தூக்கினால் அடியில் இருக்கிற ஸ்பாஞ்சு நமத்திருக்கிறதா, ஒயர் கனெக்டர்களைக் கழற்றினால் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். மூழ்கிய காரில் கோளாறு ஒரே நாளில் வராது. ஆறு மாதம் கழித்து ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் பெட்டியாக உயிரை விடும். இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயரையும் பாலிசி எண்ணையும் வாங்கி, க்ளெய்ம் எதுவும் போட்டிருக்கிறார்களா என்று ஓனரையே கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். 2024 டிசம்பரில் ஒரு பெரிய க்ளெய்ம் இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

மூழ்காத வண்டிக்கும் கடற்கரை ஊரில் உப்புக் காற்று உண்டு. லிஃப்டில் தூக்கிப் பிரேக் பைப், சப்ஃபிரேம் போல்ட், சைலன்சர் இணைப்புகளைப் பார்க்க வேண்டும். வைட் டவுனிலோ தேவனாம்பட்டினத்திலோ கடலைப் பார்த்தபடி வருடக்கணக்கில் திறந்தவெளியில் நின்ற கார், மேலே மெழுகு பூசி மின்னினாலும் அடியில் வேறு கதை சொல்லும். பெயிண்டின் தடிமனை அளக்கிற கருவி எங்களிடம் இருக்கும். கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். ஒரு கதவில் மட்டும் 400, 500 காட்டினால் அங்கே பட்டி பார்த்திருக்கிறார்கள்.

இத்தனையும் பார்த்து, டென்ஷனர் மாற்றிய பில் இருந்து, ஃபைல் சரியாக இருந்து, வண்டி மூழ்காததாக இருந்தால்? அப்போதும் பதிமூன்றரை அதிகம். டயர், ஆயில்கள், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் சேர்த்து முதல் வருடத்துக்கு மட்டும் வரி போக மூன்று லட்சம் தனியாக எடுத்து வைக்கச் சொல்வேன். இந்த வண்டியின் இன்சூரன்ஸும் பெரிது. 1500 சிசிக்கு மேற்பட்ட தனியார் காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் மட்டுமே வருடம் 7,897 ரூபாய், ஜிஎஸ்டி தனி. 1000 முதல் 1500 சிசி வரை என்றால் 3,416. கடலூரில் இதைப் பார்க்க ஷோரூம் இல்லை. நடுவழியில் நின்றால் ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். தினமும் வேலைக்குப் போய் வர உங்களுக்கு இருக்கிற ஒரே கார் இதுதான் என்றால் அது இன்னும் கஷ்டம். பின் சீட்டில் அப்பா அம்மாவை உட்கார வைக்கவும் முடியாது.

அப்படியானால் எதை வாங்கலாம்? உங்கள் இடத்தில் நான் இருந்தால் 1.5 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) ஸ்கோடா ஸ்லாவியா, ஆறு கியர் மேனுவல், 2022 மாடல், தமிழ்நாட்டுப் பதிவு, முதல் ஓனர் என்று தேடுவேன். 150 குதிரைசக்தி, 250 நியூட்டன் மீட்டர் டார்க். இதே என்ஜின் ஃபோக்ஸ்வாகன் வெர்டுஸ் ஜிடியிலும் இருக்கிறது. பார்க்கச் சாதாரண செடான் போலத்தான் இருக்கும். மூன்றாவது கியரில் திண்டிவனம் பைபாஸில் ஒரு முறை அழுத்திப் பாருங்கள், உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். 1498 சிசி என்பதால் பிரீமியமும் குறைந்த பிரிவில் வருகிறது. ஸ்லாவியாவுக்கு கம்பெனி கொடுத்த வாரண்டி 4 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர். அது ஓடிக்கொண்டிருக்கிறதா, நீட்டித்திருக்கிறார்களா என்று பாருங்கள். இந்த வண்டிகள் உங்கள் பத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கலாம். வயது குறைவு, ரிப்பேர் நிதி பாதி போதும் என்பதால் பன்னிரண்டு வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். இந்த வயது வண்டிக்கு முறையான கார் கடனும் கிடைக்கும்.

பணத்தை இன்னும் மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 105 குதிரைசக்திதான். ஆனால் சின்ன உடம்பு, சுறுசுறுப்பு, பழகிய மெக்கானிக்குகள் நிறையப் பேர். அதில் நான் முன்பு சொன்ன ஏழு கியர் உலர் கிளட்ச் இருக்கிறது. நம் வெயிலிலும் நெரிசலிலும் அதன் மெகாட்ரானிக் என்ற மூளைப் பெட்டி பழுதாவது வழக்கம், மாற்றினால் லட்சத்தைத் தாண்டும். ஏற்கெனவே மாற்றிய பில் இருக்கிற வண்டியைத் தேடுங்கள். 180 குதிரைசக்தி ஆக்டேவியா 1.8-லும் அதே ஏழு கியர் பெட்டிதான், அதே எச்சரிக்கைதான். அபார்த் புன்டோ பலருக்குக் கனவு வண்டி, 145 குதிரைசக்தி, ஓட்ட அவ்வளவு இனிமை. ஃபியட் இங்கே கடையைக் கட்டிவிட்டதால் ஒரு பம்பருக்காக மாதக்கணக்கில் காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் அது.

எதை வாங்கினாலும் அதன் முழு வேகத்தைக் கடலூர் சாலையில் பார்க்க நினைக்காதீர்கள். அந்தச் சாலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் குறுக்கே நடக்கிறார்கள், மாடு படுத்திருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் பந்தயத் தடம் இருக்கிறது. பொதுமக்கள் சொந்த வண்டியைக் கொண்டுவந்து ஓட்டுகிற நாட்கள் அறிவிக்கப்படும். ரிப்பேர் நிதியில் மிச்சமாகிற பணத்தில் புது டயரும் நல்ல பிரேக் பேடும் போட்டுக்கொண்டு அங்கே போய் ஒரு நாள் ஓட்டுங்கள்.

பெட்ரோல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். டர்போ வண்டிக்கு 95 ஆக்டேன் நல்லது. சாதாரணப் பெட்ரோல் முன்பு 91-ஆக இருந்தது. இப்போது பம்பில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 2023 ஏப்ரலுக்கு முன் செய்த வண்டிகளை வாங்கும்போது, அதன் எரிபொருள் குழாயும் சீல்களும் இந்தக் கலவைக்கு ஏற்றவையா என்று கையேட்டிலும் எரிபொருள் மூடியின் உள்பக்கத்திலும் பாருங்கள்.

பேரம் படிந்ததும் அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, வங்கிக் கடன் நிலுவை, செலுத்தாத அபராதம், தடைப்பட்டியல் மூன்றையும் பார்த்துவிடுங்கள். கடன் இருந்தால், அது முடிந்ததைக் காட்டுகிற படிவம் 35-உம் வங்கியின் கடிதமும் கையில் வராமல் பணம் போகக் கூடாது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் ஓனரிடமே, உங்கள் கண் முன்னால் கையெழுத்து வாங்குங்கள். புரோக்கர் ஏற்கெனவே கையெழுத்தோடு வைத்திருக்கிற வெற்றுப் படிவம் வேண்டாம். 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பம், 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் மாற்றம். பழைய ஓனரின் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் போடாததற்கான பிரீமியத் தள்ளுபடி) அவருடையது, உங்களுக்கு வராது, அதைக் காட்டி விலை பேசினால் ஏற்காதீர்கள். வண்டியை எடுக்கிற நாளில் ஒப்படைப்புச் சீட்டு ஒன்று எழுதுங்கள். தேதி மட்டும் போதாது, மணியும் நிமிடமும் வேண்டும், மீட்டரில் இருக்கிற கிலோமீட்டரும் வேண்டும். இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிமிடத்துக்கு முந்தைய அபராதமும் வழக்கும் அவர் பொறுப்பு.